சான்றுப்பொருள் இலக்கம் நான்கு

பருத்தித்துறை நீதிமன்றத்தில்
என் பொறுப்பில் ஓர் அறை, ஒரு திறப்பு, ஒரு தராசு.
மாசியில் வந்தது இஞ்சி.
முனைக் கடலில் மறிக்கப்பட்ட படகிலிருந்து
எட்டுச் சாக்கு,
இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ.
படகோட்டி பெயர் மரியநேசன்.
நானே நிறுத்தேன், நானே எழுதினேன்,
நானே அரக்கு வைத்தேன்.

அறைக்குள் ஏற்கெனவே
இரண்டு வாள், ஒரு மண்வெட்டி,
கசிப்புக் கலன், சில்லில்லாத சைக்கிள்.
ஒரு கிழமைக்குள் எல்லாவற்றுக்கும் ஒரே மணம்.
வாளை முகர்ந்தாலும் இஞ்சி.
வீட்டில் மனைவி என் சட்டையை முகர்ந்து
"கோட்டில என்ன கலியாணமே?" என்றாள்.

தவணை.
பிறகும் தவணை.
சித்திரை வெயிலில் சாக்குகள் தொய்ந்தன.
ஒன்றின் கிழிசலால் வெளியே வந்து
பச்சையாய் ஒரு முளை,
தான் காவலில் இருப்பது தெரியாமல்
யன்னல் பக்கம் திரும்பியிருந்தது.
பதிவேட்டில் அதற்கு நிரல் இல்லை.

ஆனியில் வழக்கு ஒரு கேள்வியில் வந்து நின்றது:
இது உணவா, மருந்தா?
உணவென்றால் ஒரு சட்டம். மருந்தென்றால் வேறு.
ஆயுர்வேத மருந்தகத்திலிருந்து
வைத்தியர் தவயோகராணி வந்தார்.
குடையைக் கூண்டின் கம்பியில் கொழுவினார்.

"எந்த நேரத்து இஞ்சியைக் கேக்கிறியள்?
ஈரமாய் இருக்கேக்க ஆர்த்ரகம், காய்ஞ்சால் சுண்டி.
சுண்டிக்கு விஸ்வபேஷஜம் எண்டும் பேர்,
உலகத்துக்கெல்லாம் மருந்து எண்டு அர்த்தம்.
ஆனால் தோல் நஞ்சு, சீவ வேணும்.
சாறு பிழிஞ்சு அசைக்காமல் வைச்சால்
அடியில வெள்ளையாய் மண்டி படியும்,
அதையும் ஊத்திப்போட வேணும்.
மேல நிக்கிற தெளிவுதான் மருந்து.
சோத்துக்கு முன்னம் உப்போட ஒரு துண்டு
பசி செத்தவனுக்கு மருந்து,
பசிக்கிறவனுக்குச் சாப்பாடு.
பித்தம் கூடின ஆளுக்கு
இந்த வெயிலில குடுத்தால் ரெண்டுமில்லை."

அரச சட்டத்தரணி பேனாவை மூடினார்.
"ஒரு சொல்லில் சொல்லுங்கள்."

வைத்தியர் ஒரு சொல் தேடினார்.
அந்த இடைவெளியில்
நீதவான் தேநீரை ஒரு மிடறு குடித்தார்.
அதில் என்ன தட்டிப் போட்டிருந்தது என்று
எனக்குத் தெரியும், கன்டீனுக்கும் தெரியும்.

பிறகு என் முறை.
திறந்த மன்றில் மீண்டும் நிறுக்கச் சொன்னார்கள்.
நூற்று அறுபத்தெட்டு.
மிச்சம் நாற்பத்து நான்கு கிலோ எங்கே?
அத்தனை கண்களும் என் கையிலிருந்த திறப்பில்.
மரியநேசன்
ஐந்து மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தான்,
களவுக்கு ஆள் வேறு என்பது போல.

குடையோடு இறங்கியவர் திரும்பினார்.
"ஈரம் போயிருக்கு, ஐயா.
உங்கட அறை அதைச் சுக்காக்கிக்கொண்டிருக்கு.
இன்னும் ரெண்டு தவணை வைச்சியளெண்டால்
முழுசா மருந்தாயிடும்."

காற்றில் இழப்பு, நாற்பத்து நான்கு கிலோ
என்று பதிவானது.
காற்று ஆட்சேபிக்கவில்லை.

அதில் ஒரு பெருவிரல் நீளம் காற்றல்ல.

பங்குனியில், கணக்கு முடிக்கத் தங்கிய ஓர் இரவு,
இருமி இருமி விலாவெலும்பை எண்ணிக்கொண்டிருந்தேன்.
எட்டில் ஒரு சாக்கின் தையலை
விரல் நுழையும் அளவுக்கு நெகிழ்த்தினேன்.
(முளை பின்பு அந்த வழியால்தான் வந்தது.)
வாள்வெட்டு வழக்கின் வாளால் தோல் சீவினேன்.
நீதிமன்ற முத்திரைக் கட்டையால் இடித்தேன்.
லேஞ்சியில் பிழிந்து
தேநீர்க் கிளாசில் வைத்துக் காத்திருந்தேன்.
வெள்ளை மெல்ல அடியில் இறங்கியது.
அவ்வளவு அமைதியாய் அந்தக் கட்டடத்தில்
எதுவும் தீர்ந்து நான் கண்டதில்லை.
தெளிவைக் குடித்தேன்.
மண்டியை யன்னலால் ஊற்றினேன்.
விடிய இருமல் அப்படியே இருந்தது,
நடுவில் மூன்று மணித்தியாலம் தூங்கியிருந்தேன்.

உணவா, மருந்தா என்று
என்னை யாரும் கூண்டில் ஏற்றிக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
ஒரு சொல்லில் சொல்லியிருப்பேன்.